மூன்றாம் ஊஞ்சலின் மஞ்சள் கோடு

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. பிள்ளைகளுக்கு அவர் ஸ்பேனர் மாமா, பெரியவர்களுக்கு ஸ்பேனர்காரர். இடுப்பு பெல்ட்டில் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று தொங்கிக்கொண்டே இருக்கும். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அதோடு போய் நின்றவர் என்று மனைவி சொல்லிக் காட்டுவாள். அதில் மிகை எதுவும் இல்லை. மணமக்களோடு எடுத்த புகைப்படத்தில் ஸ்பேனரும் தெரிகிறது.

நகராட்சி விளையாட்டுப் பூங்காவுக்கு அவர்தான் காவல், அவர்தான் பராமரிப்பு. பூங்கா என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. பேருந்து நிலையத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே நாற்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வயல் தொடங்கிவிடும். இரண்டு சறுக்குமரம், ஒரு ராட்டினம், இரண்டு சீசா, இரண்டு சட்டத்தில் நான்கு ஊஞ்சல். மரத்தடியில் ஆறு பெஞ்சு. பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். கைக்குழந்தைக்குத் துணி மாற்ற, பெண்கள் கழிவறையில் ஒரு பலகை. வாசலில் ஒரு போர்டு: ‘குடும்பத்தோடு வாருங்கள். குழந்தை இல்லாமல் தனியே வருபவர்களுக்கு அனுமதி இல்லை.’ சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிப் பேருந்தில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு முடிந்து பத்து மாதம். ஓய்வுபெற இன்னும் பதினாலு மாதம் இருந்தது. பூங்கா திறந்த நாளிலிருந்து பத்து வருடமாக அவர்தான். காலை ஐந்து ஐம்பதுக்குப் பூட்டைத் திறப்பார். அங்கே இருந்த சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அறுபத்து நான்கு போல்ட். சறுக்குமரங்களில் இருபது, ராட்டினத்தில் பன்னிரண்டு, சீசாவில் பதினாறு, ஊஞ்சல்களில் பதினாறு. தினமும் அறுபத்து நான்கையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நட்டை நன்றாக இறுக்கிவிட்டு, நட்டுக்கும் போல்ட் முனைக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் மெல்லிய கோடு ஒன்று இழுப்பார். நட்டு அரை விரற்கடை நகர்ந்தாலும் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். ஒரு பார்வை போதும். பதினைந்தே நிமிடத்தில் சுற்றி வந்து, பதிவேட்டில் வரிசையாக ‘சரி’ போட்டுவிடலாம்.

ஒருமுறை மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, “அட, இது நமக்குத் தோணலையே!” என்று தோளில் தட்டினார். பக்கத்து ஊர்ப் பூங்காக்கள் மூன்றுக்கும் அந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க அவரையே ஜீப்பில் கூட்டிப் போனார்கள். அன்று அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான்: “முதல்ல இறுக்கணும். அப்புறம்தான் கோடு. மாத்திச் செஞ்சா கோடு நம்மளையே ஏமாத்திடும்.”

பூங்காவின் பத்தாம் ஆண்டு விழா ஒரு சனிக்கிழமை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் பெயிண்ட் அடிக்கும் ஆட்கள் வந்தார்கள். ஊஞ்சல்களைக் கழற்றி, குழாய்க்கெல்லாம் நீலம் அடித்து, போல்ட்டுகளைக் கையாலேயே திருகி மாட்டிவிட்டு, மஞ்சள் கோடு எல்லாவற்றின் மேலும் நீலத்தைப் பூசிவிட்டு, சனிக்கிழமை காலை எட்டரைக்குத்தான் ஏணியை மடக்கினார்கள். பத்து மணிக்கு விருந்தினர். ஸ்பேனர்காரர் எட்டு முப்பத்தைந்துக்கு முதல் போல்ட்டில் கை வைத்தார். சறுக்குமரங்கள், ராட்டினம், முதல் ஊஞ்சல் சட்டம் என்று நாற்பது முடிந்தபோது ஒன்பது முப்பத்தைந்து. இரண்டாம் ஊஞ்சல் சட்டமும் சீசாவும் பாக்கி.

அந்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் வந்து நின்றார். “இன்னுமா முடியலை? பாதி நட்டுல மஞ்சள், பாதியில ஒண்ணுமில்லை. பாக்க அசிங்கமா இருக்கே! இருக்கற பாக்கிக்கு கோட்டைப் போட்டுட்டு வாங்க. நாற்காலி போட ஆள் இல்லை.”

இருபத்து நான்கு கோடுகளை ஆறு நிமிடத்தில் இழுத்தார். ஸ்பேனர் இடுப்பிலேயே தொங்கியது. நாளைக் காலையில் முதல் வேலையாக இறுக்கிவிடலாம் என்றுதான் நினைத்தார். மறுநாள் காலை வந்து பார்த்தபோது அறுபத்து நான்கு கோடுகளும் நூல் பிடித்தது போல நேராக நின்றன. பத்து வருடமாக நேர்க்கோட்டைப் பார்த்ததும் ‘சரி’ எழுதிப் பழகிய கை, அன்றும் எழுதியது. அதற்கு மறுநாளும் எழுதியது.

விழா முடிந்து முப்பத்தாறாவது நாள், ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறுதோறும் பூங்காவுக்குத் தவறாமல் வருபவர்களில் மருந்துக்கடைக்காரர் ஒருவர். சொந்தக் கடை இல்லை, பெரிய கடை ஒன்றின் கிளையில் சம்பளத்துக்கு இருப்பவர். முப்பத்து நாலு வயது இருக்கும். அவரும் மனைவியும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏழு வயது மகள் அம்மாவோடு இருக்கிறாள். இவர் வீட்டுக்கு அவர்கள் அனுப்ப மாட்டார்கள், அவர்கள் வீட்டு வாசலை இவர் மிதிக்க மாட்டார். பேசிப் பேசி, நாலு பேர் பார்க்கிற பொது இடம் என்று இந்தப் பூங்காவில் வந்து நின்றது ஒப்பந்தம். ஞாயிறு நாலு மணியிலிருந்து ஆறு வரை. மூன்றரைக்கே வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். குழந்தை இல்லாமல் உள்ளே விட முடியாது. “உள்ள வந்து உக்காருங்க தம்பி” என்று ஸ்பேனர்காரர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். “வேணாம் அண்ணே, ரூல்ஸ் ரூல்ஸ்தான். நாளைக்கு அதையும் ஒரு குத்தமா சொல்லுவாங்க” என்பார். நாலு மணிக்குக் குழந்தையின் தாய்மாமன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அவர் டயர் கடை வைத்திருப்பவர். இன்ஜினை நிறுத்தாமலே, “ஆறுக்கு வருவேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

அன்றும் பாப்பா உள்ளே வந்ததும் வழக்கம்போல ஸ்பேனர்காரரிடம்தான் ஓடிவந்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது.

“மாமா, இன்னைக்கு எந்த ஊஞ்சல் நல்ல ஊஞ்சல்?”

“மூணாம் நம்பர். பெயிண்ட் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு.”

நாலு நாற்பதுக்கு அவர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்தார். பதினைந்து அடி தூரம். அப்பா பின்னால் நின்று தள்ள, பாப்பா “இன்னும்! இன்னும்!” என்று கத்த, பலகை அப்பாவின் இடுப்பு உயரத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் போகவில்லை. இதை அவர் கண்ணால் பார்த்தார். டக்கென்று ஒரு சத்தம். இடப்பக்கச் சங்கிலி மேலிருந்து கழன்று தரையில் சுருண்டது. பாப்பா மணலைத் தாண்டி, ஓரக்கல்லில் இடது கையை ஊன்றி விழுந்தாள்.

எல்லோரும் குழந்தையிடம் ஓடினார்கள். ஸ்பேனர்காரரும் ஓடினார். குனிந்தபோது மணலில் அது கிடந்தது. பாதியில் ஒடிந்த போல்ட், அதன் முனையில் இன்னும் நட்டு. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கோடு அணுவளவும் பிசகாமல் நேராகவே இருந்தது. இறுக்காத போல்ட் துளைக்குள் நட்டோடு சேர்ந்தே ஆடியிருக்கிறது. முப்பத்தாறு நாள் ஆடி ஆடி, நடுவில் தேய்ந்து ஒடிந்திருக்கிறது. நட்டு மட்டும் திரும்பவே இல்லை. அவருக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் அதைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். அப்பா மகளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் அறையில் அறிக்கை தயாரானது.

“உங்க பதிவேட்டுல தினமும் சரின்னு இருக்கு. அப்ப போல்ட் எங்க போச்சு?”

“தெரியல சார். மணல்ல விழுந்திருக்கும்.”

சூப்பர்வைசர் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். “போகட்டும் விடுங்க. நம்ம சாமான் சரி, நம்ம ஆள் சரி. அப்ப ஆட்டினவர்தான் கண்ணு மண்ணு தெரியாம ஆட்டியிருக்காரு. ‘அளவுக்கு மீறிய வேகத்தில் தள்ளியதால் சங்கிலி கழன்றது.’ என்ன, சரிதானே? கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இது கட்டைவிரல் தண்டி இரும்புதானே, மறைத்துவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

அந்த அறிக்கையின் நகல் புதன்கிழமைக்குள் டயர் கடைக்காரர் கையில் இருந்தது. வியாழக்கிழமை ஊர் முழுக்கப் பேச்சு. பூங்கா வாசலில் பாப்கார்ன் விற்கிற அம்மாள் சோளத்தோடு சேர்த்து அதையும் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“வாரத்துல ரெண்டு மணி நேரம் அப்பா வேஷம் போடறவருக்கு பிள்ளை அருமை எங்க தெரியும்? கோவத்தைப் பொண்டாட்டி மேல காட்ட முடியாம ஊஞ்சல் மேல காட்டியிருக்காரு. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களாமே?”

“உங்க சோளம் தீயுது, பாருங்க” என்று சொல்லிவிட்டு ஸ்பேனர்காரர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மூன்றரைக்கு மருந்துக்கடைக்காரர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நாலு ஆனது. நாலேகால் ஆனது. பைக் வரவில்லை.

“அனுப்ப மாட்டாங்கன்னு தெரியும் அண்ணே” என்றார். “பாப்பாவோட மாமா ஃபோன்ல சொல்லிட்டாரு. இனிமே இந்தப் பக்கம் நிக்காத, பேப்பர் இருக்கு, வக்கீல்கிட்ட போறேன்னு. கை எப்படி இருக்குன்னு கேக்கறதுக்குள்ள வெச்சுட்டாரு.” கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நீங்க குழாய்கிட்டதானே நின்னீங்க? பாத்தீங்கல்ல? நான் அவ்வளவு வேகமாவா தள்ளினேன்?”

ஸ்பேனர்காரர் கேட்டின் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தார். “நான் அந்தப் பக்கம் பாக்கல தம்பி.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மா சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் அறுபத்து நான்கு போல்ட்டையும் தினமும் ஸ்பேனர் போட்டே பார்த்தார். காலை நாலரைக்குக் கிளம்பினார். மூன்றாம் ஊஞ்சலுக்குப் புதுப் போல்ட் வந்தது. அந்த இரண்டாம் சட்டத்தில் மற்ற ஏழில் மூன்று இன்னமும் கையால் திருகினாலே சுழன்றன. அவற்றை இறுக்கினார். ஆனால் அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதாமல் விட்ட முதல் விஷயம் அதுதான் அவர் வேலைக்காலத்தில்.

இரண்டாம் ஞாயிறும் மருந்துக்கடைக்காரர் வந்தார். ஆனால் மூன்றரைக்கு வரவில்லை. நாலரைக்கு வந்தார். கேட்டருகே நிற்காமல், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுப் பிறகு மெதுவாகக் கடந்து வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

“அண்ணே, இன்னொரு தடவை கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சமாவது பாத்தீங்களா?”

“அன்னைக்கே சொன்னேனே தம்பி.”

“இல்ல, நானே யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்குக் காலையில கடையில முதலாளி கொஞ்சம் திட்டினாரு. அந்தக் கோவம் உள்ள இருந்திருக்கும் போல. நமக்கே தெரியாம கை வேகமாப் போயிருக்கும். மெதுவாத்தான் தள்ளினேன்னு எனக்கு ஞாபகம். ஆனா ஞாபகத்தை எப்படி நம்பறது? உங்க ஆபீசே எழுதியிருக்கு.” இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். “தலைமைக் கடைக்கு மாத்தல் கேட்டிருக்கேன். எட்டு மணி நேர தூரம். பாப்பா என்கிட்ட இல்லாம இருக்கறதே அவளுக்கு நல்லது. இந்த மாசக் கடைசியில போயிடுவேன்.”

அவர் போனபின் ஸ்பேனர்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். அடைக்கும் நேரம் தாண்டிப் பதினெட்டு நிமிடம் கேட் திறந்தே கிடந்தது. செய்யாத தப்பைச் செய்ததாக ஒரு மனுஷன் நம்பத் தொடங்கிவிட்டான் என்பது, வேலை போய்விடுமோ என்கிற பயத்தையும் மிதித்துக்கொண்டு மேலே வந்து நின்றது.

மறுநாள் திங்கட்கிழமை. அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்து, ஊரார் துணிகளின் கிழிசல், சுருக்கு, நீளம் எல்லாம் சரிசெய்து கொடுப்பவள். அன்று அவருடைய பேண்ட்டை மெஷினில் போட்டவள், பாக்கெட்டுக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்தாள்.

“இதே பாக்கெட்டை மூணாவது தடவையா தைக்கிறேன். ஊர்க்காரன் பேண்ட்டு ஆசனத்துல கிழியும், உங்களுது மட்டும் பாக்கெட்டுல கிழியுதேன்னு பாத்தா, இரும்பை அடைகாத்துக்கிட்டு இருக்கீங்க. இது என்ன, குஞ்சு பொரிக்குமா?”

அவர் சிரிக்கவில்லை. அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

“என்னாச்சு?”

சொன்னார். விழா நாளிலிருந்து தொடங்கி, மணி உட்பட எல்லாவற்றையும் சொன்னார். அவள் அந்தப் போல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஊசியில் மாட்டியிருந்த நூலை வெளியே உருவினாள், மறுபடி கோத்தாள்.

“வேலை போயிடுமா?”

“போகலாம்.”

“பதினாலு மாசம் இருக்கு.”

“பதிமூணு மாசம் பதினொரு நாள்.”

“இதுல மட்டும் கணக்குத் தப்ப மாட்டீங்க!” என்று சீறினாள். “அந்தப் பிள்ளை உங்களை மாமான்னு கூப்பிடுது. அவரு அண்ணேங்கறாரு. ரெண்டு பேரையும் ஒரே பாக்கெட்டுல போட்டுக்கிட்டு எப்படிங்க சாப்பிட்டீங்க பதினஞ்சு நாளா? நான் வேற பசிக்கலையான்னு கேட்டுக் கேட்டு ஊட்டிவிடாத குறையா…” பாக்கெட்டைத் தைத்து முடித்தாள். போல்ட்டை அவர் கையில் கொடுத்தாள். “வெளிய கையில வெச்சுக்கிட்டுப் போங்க. இனிமே நான் தைக்க மாட்டேன்.”

செவ்வாய் மாலை ஆறு பத்துக்கு அவர் பாப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். முன்னறையில் அம்மா பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பாப்பா தரையில் குப்புறப் படுத்து, மாவுக்கட்டுப் போட்ட இடது கையால் தாளை அழுத்திக்கொண்டு வலது கையால் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். “ஸ்பேனர் மாமா” என்று சொல்லவில்லை. திரும்பவும் குனிந்துகொண்டாள்.

டயர் கடைக்காரர் உள்ளறையிலிருந்து வந்தார். “அதான் கையெழுத்துப் போட்டுட்டீங்களே, இன்னும் என்ன?”

“அந்தக் கையெழுத்து விஷயமாத்தான் வந்தேன்.” ஒடிந்த போல்ட்டை இஸ்திரி மேஜையின் ஓரத்தில் வைத்தார். “ஊஞ்சல் விழுந்தது இதனால. நான் இதை இறுக்காம விட்டேன். பாப்பாவோட அப்பா மெதுவாத்தான் தள்ளினாரு. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

டயர் கடைக்காரர் சிரித்தார். “நல்ல ஆளாத்தான் பிடிச்சு அனுப்பியிருக்காரு.”

“என்னை யாரும் அனுப்பலை. அவருக்கு இது இன்னும் தெரியாது.”

“தெரியாதா? அப்ப இந்த நியாயமெல்லாம் இத்தனை நாள் எங்க இருந்துச்சு?”

“பாக்கெட்டுல இருந்துச்சு” என்றார் ஸ்பேனர்காரர்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போல்ட்டைக் கையில் எடுத்தாள். “இந்த மஞ்சள் கோடு எதுக்கு?”

சொன்னார்.

“கோடு நேராத்தானே இருக்கு?”

“நேராத்தாம்மா இருக்கு. இறுக்காமலே போட்ட கோடு. அதைப் பாத்துப் பாத்து முப்பத்தாறு நாள் சரி சரின்னு எழுதினேன்.”

அவள் கோட்டின் மேல் விரலால் தடவிப் பார்த்தாள். கலர் பென்சில் தாளில் உரசும் சத்தம் நின்றிருந்தது.

“அப்ப நான் கத்தினதாலே இல்லையா?”

பாப்பாதான். எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“என்னடா கண்ணு? என்ன கத்தினே?” என்றாள் அம்மா.

“இன்னும், இன்னும்னு கத்தினேன். அப்பா போதும் போதும்னாரு. நான்தான்…” உதடு கோணியது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “பதினாறு நாளா இதையா மனசுல வெச்சிருக்கே? என்கிட்ட ஏன்டி சொல்லலை?”

“சொன்னா, அப்ப உங்கப்பா வேகமாத்தான் தள்ளியிருக்கான்னு மாமா சொல்லுவாரு.”

டயர் கடைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். திரும்பாமலே சொன்னார்: “வாய்ச்சொல் வேணாம். எழுதிக் கொடுங்க. ரெண்டு காப்பி.”

“நான் அவருக்கு ஃபோன் பண்றேன்” என்றாள் அம்மா.

“நீ ஏன் பண்ணணும்?”

“நான்தான் அண்ணா பண்ணணும்.”

புதன்கிழமை காலை ஏழே காலுக்கு மருந்துக்கடைக்காரர் ஸ்பேனர்காரர் வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“நான் உங்ககிட்ட கேட்டேன்” என்றார். “ரெண்டு தடவை கேட்டேன்.”

“கேட்டீங்க தம்பி.”

“தம்பின்னு கூப்பிடாதீங்க.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது. “என் கையைப் பாத்தாலே எனக்குப் பயமா இருந்துச்சு. கடையில மாத்திரை அட்டையை எண்ணிக் கொடுக்கும்போது கூட, இந்தக் கைதானேன்னு தோணும். நேத்து அவ ஃபோன் பண்ணி நடந்ததைச் சொன்னா. சொல்லிட்டு ‘மன்னிச்சிடுங்க’ன்னா. அவ மேல எனக்குக் கோவமே வரலை. அவளுக்கு என்ன தெரியும், பேப்பரைப் படிச்சா. நீங்க பாத்தீங்க.”

மனைவி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளும் கையை மடக்கவில்லை, நீட்டியபடியே நின்றாள்.

“அந்த மாமா எழுத்துல கேக்கறாராம். எழுதுங்க.”

தையல் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதினார். தேதி, மணி, போல்ட்டுகளின் எண்ணிக்கை, விழா நாள், கோடு, முப்பத்தாறு நாள், பலகை போன உயரம், பாக்கெட்டுக்குள் போட்டது, அறிக்கையில் கையெழுத்துப் போட்டது. தான் செய்ததில் ஒன்றையும் விடவில்லை என்றே நினைத்தார். எழுதி முடித்துக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒண்ணு விட்டுப்போச்சு. நான் கேட்டதும், நீங்க பாக்கலைன்னு சொன்னதும்.”

அதையும் எழுதினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதியையும் போட்டார். அதைப் பார்த்து மேலும் இரண்டு காப்பி எழுதினார். மருந்துக்கடைக்காரர் இரண்டு காப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். போயிட்டு வரேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அன்று பத்தரை மணிக்கு ஸ்பேனர்காரர் சூப்பர்வைசரிடமும் ஒரு நகலைக் கொடுத்தார். “என்னையும் சேத்துக் கவுத்துட்டீங்களே, பெரிய மனுஷன்னு நம்பினேன்!” என்று அவர் மேஜையைத் தட்டினார். “நீங்க சொல்லி நான் கோடு போட்டேன்னு எங்கயும் எழுதலை சார். போட்டது என் கை” என்றார் ஸ்பேனர்காரர். மஞ்சள் கோடு போடக் கற்றுக்கொடுத்த மூன்று ஊர்களுக்கும் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஒரு ஊரில் ஸ்பேனர் போட்டுப் பார்த்தபோது, நேரான கோட்டின் அடியில் ஐந்து நட்டுகள் கையாலேயே சுழன்றதாக மறுநாள் தகவல் வந்தது.

வேலை போகவில்லை. பூங்காவிலிருந்து எடுத்து, ஊருக்கு வெளியே நீரேற்று அறைக்குப் போட்டார்கள். மோட்டார் போடும் நேரம், நிறுத்தும் நேரம், தொட்டியின் மட்டம். எழுத வேண்டியது அவ்வளவுதான். தளர்ந்தால் யாரும் விழுகிற சாமான் எதுவும் அங்கே இல்லை. பூங்காவின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பத்து வருடப் பதிவேடுகள் இருபத்தொன்றையும் விசாரணைக்கென்று கட்டி எடுத்துப் போனார்கள். அவை திரும்பி வரவில்லை.

மருந்துக்கடைக்காரர் மாற்றலை ரத்து செய்தாரா என்று ஸ்பேனர்காரருக்கு நேராகக் கேட்க வாய் வரவில்லை. தலைவலி மாத்திரைக்குக்கூட மனைவியைத்தான் அனுப்பினார். “கடையிலதான் இருக்காரு. பேசலை. ஆனா மீதிச் சில்லறை ஒழுங்கா கொடுத்தாரு” என்று அவள் வந்து சொன்னாள்.

அதற்கு அடுத்த திங்கள், நீரேற்று அறைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தும்போது பாப்கார்ன்காரம்மாள் எதிரே வந்தாள்.

“நேத்து வந்துச்சு உங்க பாப்பா. அம்மாவே கொண்டுவந்து விட்டாங்க. நாலு மணிக்கு டாண்ணு. நான் ஒரு பொட்டலம் சும்மா கொடுத்தேன், வாய் இருக்கே எனக்கு, அதுக்கு அபராதம்.”

ஸ்பேனர்காரர் சைக்கிள் ஸ்டாண்டை ஒரு முறைக்கு இரு முறை காலால் அழுத்தினார். “ஊஞ்சல் பக்கம் போனாங்களா?”

“போனாங்க. பாப்பா அதே மூணாம் நம்பர்ல ஏறி உக்காந்துச்சு. தள்ளுங்கப்பா, தள்ளுங்கப்பான்னு ஒரே நச்சரிப்பு.”

“தள்ளினாரா?”

“இல்லைங்க. பின்னால கையைக் கட்டிக்கிட்டே நின்னாரு. ஆறு மணி வரைக்கும்.”